நயினார் நின்ற ஜாமீன்

கையெழுத்துப் போட்ட மை காயும் முன்பே சந்திரநாத நயினார் ஜாமீன் பத்திரத்தை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். கண்ட்ரோல் கடை மண்ணெண்ணெய் டின்னைத் திருடியதாகப் பிடிபட்ட தம் பண்ணையாள் தோமினிக்குக்காக, இரண்டு காணி நிலத்தைக் காட்டி ஜாமீன் நின்றிருந்தார். கடலை பிடுங்க ஆள் வேண்டுமே!

"வாய்தா பதினஞ்சு நாள். ஆளு ஓடிட்டா நெலம் சர்க்காருக்கு," என்றார் கோர்ட்டு குமாஸ்தா.

"நான் எங்க நயினாரே ஓடப்போறேன்?" என்றான் தோமினிக்கு.

அமாவாசையன்று, கோயில் கூட்டம் முண்டியடித்து ஏறும் மேல்மலையனூர் பஸ்ஸருகே அவன் நின்றதை நயினார் பார்த்துவிட்டார்.

"எங்கடா கெளம்பிட்டே?"

"கூட்டத்த வேடிக்க பாக்கறேன்."

அன்றே அவனைத் தம் வண்டிக் கொட்டகையில் குடியேற்றினார்.

நயினார் வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். பூண்டு கிடையாது, வெங்காயம் கிடையாது. மூன்றாம் நாள் தோமினிக்கின் மனைவி ராயம்மாள் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். நயினாரின் மனைவி சந்தனா வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாடி இது, எங்க வூட்டாண்ட கருவாடு?"

"அவருக்கு இது இல்லன்னா சோறு எறங்காதும்மா."

சட்டி வந்த வழியே திரும்பிற்று.

ஞாயிற்றுக்கிழமை தோமினிக்கு பூசைக்குப் போகவேண்டும் என்றான். நயினாரும் கூடவே போய் மாதா கோயில் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே எல்லோரும் முழந்தாளிட்டபோது, அவன் தலை கண்ணில் படவேண்டுமே என்று இவரும் முழந்தாளிட்டார்.

மாலைக்குள் பங்காளிகள் நான்கு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

"நயினாரு கிறிஸ்து வேதத்துல சேந்துட்டாராமே?"

சந்தனா புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். தோமினிக்குக்குப் பூசையும் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகை காலியாகக் கிடந்தது.

நயினார் கடைத்தெருவெல்லாம் தேடினார். அனந்தபுரம் பஸ்ஸில் ஏறி, பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ராயம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

"உங்கள நம்பித்தான அனுப்பினேன்? என் ஆம்பளய எங்கய்யா?" என்று அவள் இவரையே பிடித்துக்கொண்டாள்.

இரண்டு காணியும் ஏலம் போவது நயினாருக்குக் கண்முன்னே தெரிந்தது. தாமே முந்திச் சொல்லிவிட்டால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள் என்று சப்ஜெயிலுக்கு மூச்சிரைக்க ஓடினார். வாசலில் வார்டர் முருகையன் பல் குச்சியோடு நின்றிருந்தார்.

"தோமினிக்கு ஓடிட்டான்யா!"

"எங்க ஓடினான்? விடியறப்பவே இங்க வந்து பின்பக்கத்து கேட்டப் புடிச்சிக்கினு குந்தியிருக்கான். இன்னாடான்னு கேட்டா, 'வெளிய உட்டதுலேர்ந்துதான்யா நான் ஜெயில்ல இருக்கேன்'னு அழுவுறான்."