மேசைக்கடியில் பூட்டுக்காரர்

கணக்கு வகுப்பு தொடங்கியபோது பூட்டுக்காரர் மேசைக்கடியில் குப்புறப் படுத்து, மகளின் வலது காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பா, விடுப்பா," என்றாள் மகள், உதடு அசையாமல்.

"கால ஆட்டாதம்மா. நீ ஆட்டினா மேசை ஆடுது, மேசை ஆடினா லேப்டாப் ஆடுது. அங்க பாக்குறவங்களுக்கு நம்ம வீட்ல பூகம்பம் மாதிரி தெரியும்."

"ஆட்டினாத்தான்பா மிஸ் சொல்றது எனக்குக் காதுல ஏறும்."

"இன்னிக்கு ஒரு நாள் ஆட்டாம ஏத்திக்க, கண்ணு."

மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் பெயர் சொல்லியிருந்தார். "இது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. இந்த மூளைக்கு எல்லாமே ஒரே நேரத்துல கேக்கும். கை கால் ஏதாவது அசைஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் ஒரு விஷயத்துல நிக்கும்" என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். பூட்டுக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் பயம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள், "உங்க பொண்ணு எங்களுக்குச் சரிப்பட்டு வராது" என்று சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்பியிருந்தன. இது மூன்றாவது. இதையும் விட்டால் ஊரில் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

தொற்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது இந்தப் பள்ளிக்கூடமும் லேப்டாப் திரைக்குள் போய்விட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு விடுமுறையே கிடையாது. பூட்டுக்காரருக்கோ விடுமுறையைத் தவிர வேறெதுவும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது எவன் சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்பான்? எனவே ஒரு மாதமாக மகளின் படிப்பே அவருக்கு முழுநேர வேலை. அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் தோளை அழுத்தி உட்கார வைப்பார். ஜன்னல் பக்கம் பார்த்தால் தவழ்ந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடுவார். கேமராவில் படாது என்று அவர் நம்பிய மூலையில் நின்று, 'கவனி, கவனி' என்று இரண்டு கையாலும் சைகை காட்டுவார்.

நேற்று சாயங்காலம் பள்ளியிலிருந்து போன் வந்தது.

"சார், கணக்கு கிளாஸ்ல கவனம் சரியில்லன்னு புகார் வந்திருக்கு. உங்க வீடு சம்பந்தமாத்தான். நாளைக்குத் தலைமையாசிரியையே கிளாஸ்ல உக்காந்து பாக்கப்போறாங்க."

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவர் போனை வைத்துவிட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க சும்மா இருந்தாலே போதும். அவ பாட்டுக்கு அவ படிப்பா."

சும்மா இருப்பது எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இப்போது மேசைக்கு மேலே புதிதாக ஒரு சத்தம். கால் மாட்டிக்கொண்டதால் துடிப்பு கைக்கு ஏறிவிட்டது. பேனா மேசையில் மத்தளம் வாசித்தது. பூட்டுக்காரர் அவசர அவசரமாகச் சட்டைப்பையைத் துழாவி, சாவியோடு இருந்த ஒரு சின்னப் பூட்டை எடுத்து மேலே நீட்டினார்.

"இந்தா, பேனாவக் கீழ வை. இதைத் திறந்து மூடிக்கிட்டிரு."

மகள் வாங்கிக்கொண்டாள். பேனா நின்றது. அவர் மூச்சுவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப்பில் ஒரு கனத்த குரல் கேட்டது.

"வணக்கம் பிள்ளைங்களா. எல்லாரும் மைக்கை ஆன் பண்ணி வைங்க. இன்னிக்கு நான் கேள்வி கேக்கப்போறேன்."

தலைமையாசிரியை!

டக். டக். டக்.

"யாரு வீட்ல அந்தச் சத்தம்?"

பூட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. கையை மேலே விட்டுப் பூட்டைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் சாவி உருவிக்கொண்டு தரையில் சறுக்கி, சுவரோரம் இருந்த அலமாரிக்கு அடியில் போய் மறைந்தது. போனால் போகட்டும், முதலில் இந்தப் பூட்டின் வாயை அடைப்போம் என்று, நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஓடிய மெல்லிய கம்பியில் அதை மாட்டி அமுக்கினார்.

பூட்டு அடங்கியது. கையை இழுத்தார். கை வரவில்லை.

சட்டைக் கையின் பொத்தான் துளையும் சேர்ந்து பூட்டுக்குள் போயிருந்தது.

சட்டையைக் கழற்றலாம்தான். ஆனால் ஏதாவது ஏடாகூடமாகி, தலைமையாசிரியை முன்னால் வெற்று உடம்போடு நிற்க நேர்ந்தால்? அதைவிடப் பூட்டோடு கிடப்பதே மரியாதை.

அவர் மகளின் பாதத்தைச் சுரண்டினார். "ஹேர்பின்... ஒரு ஹேர்பின் குடு," என்று காற்றாய்க் கெஞ்சினார்.

மகள் கீழே குனிந்தாள். தன் அப்பா நாற்காலியோடு பிணைந்து கிடப்பதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதம்மா! மேல போ! திரையில உன் மூஞ்சி இருக்கணும்!"

"கடைசி வரிசைப் பொண்ணு எங்கம்மா போயிட்ட?" என்றது கனத்த குரல்.

"இங்கதான் இருக்கேன் மேடம். கீழ ஒண்ணு மாட்டிக்கிச்சு."

கொண்டையிலிருந்து உருவிய ஹேர்பின் கைக்கு வந்தது. எத்தனையோ பேர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கண்ணை மூடிக்கொண்டு கதவு திறந்து விட்டவர் அவர். இன்று தன் சொந்தப் பூட்டே மசியவில்லை. ஹேர்பின் துளைக்குள் போகவில்லை, போனபோது வளைந்தது, வளைந்தது ஒடிந்தது. மூன்றாவது பள்ளிக்கூடமும் கதவைச் சாத்தும் சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது.

தலைமையாசிரியை ஒரு நீளமான கணக்கைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு குழாய், ஒரு தொட்டி, ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலி செய்யும். படிக்கப் படிக்க, மேலே நாற்காலி லேசாகியது. பூட்டுக்காரர் பதறிப்போய்ப் பார்த்தார். மகளின் கால்கள் தரையில் ஊன்றின. திரும்பின. நடந்தன.

"உக்காரும்மா!" என்று கிசுகிசுத்தார்.

கால்கள் ஜன்னல்வரை போய்த் திரும்பின. கணக்கு காதில் ஏறிக்கொண்டிருக்கும் நடை அது. ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம், கேமராவுக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி.

வேறு வழி தெரியவில்லை. அந்தக் காலி இடத்தை எதையாவது வைத்து மறைத்துவிடலாம் என்று மேசைக்கடியிலிருந்து எழுந்தார். தலை மேசையில் இடித்தது. மேசை துள்ளியது. லேப்டாப் சறுக்கியது. அதைப் பிடிக்கப் பூட்டு மாட்டிய கையை வீசினார். நாற்காலியும் கூடவே எழும்பி அவர் தோளில் ஏறிக்கொண்டது. லேப்டாப் மார்பில் வந்து விழுந்தது. கேமரா பூராவும் பூட்டுக்காரரின் முகம். காதோரம் ஒரு நாற்காலிக் கால்.

திரையில் கட்டம் கட்டமாக இருந்த எல்லா முகங்களும் வாயைப் பிளந்திருந்தன.

"யாராவது விடை சொல்லுங்க," என்றார் தலைமையாசிரியை, ஒன்றுமே நடக்காததுபோல.

ஒரு கட்டமும் அசையவில்லை.

"பன்னெண்டு மணி நேரம், மேடம்," என்றாள் மகள், ஜன்னலருகே நடந்தபடி. "காலி பண்ற குழாய மூடிட்டா நாலே மணி நேரம்தான். அதை மூடவேண்டாம்னு யார் சொன்னதுன்னுதான் புரியல."

"சரியான விடை."

பூட்டுக்காரரின் காதில் அது விழவேயில்லை. முடிந்தது கதை என்று அவர் மனம் தீர்மானித்துவிட்டது.

"மேடம்," என்றார், நாற்காலியைத் தோளில் சுமந்தபடியே. "அவளை வெளிய அனுப்பிடாதீங்க மேடம். கெட்டிக்காரப் பொண்ணு. ஒரு இடத்துல உக்கார முடியாதே தவிர மனசுல கள்ளம் கிடையாது. ரெண்டு எடத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவ ஒரு வார்த்தை பேசல மேடம், எப்பவும் ஓயாமப் பேசுற பொண்ணு. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. இனிமே நான் இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். அவ கவனத்துக்கு நான் பொறுப்பு."

ஜன்னலருகே நடை நின்றது. மகள் அப்பாவின் பின்னால் வந்து நின்று, தோளிலிருந்த நாற்காலியின் பாரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சார், புகார் உங்க பொண்ணு மேல இல்ல, இந்த கிளாஸ்ல பாடத்தைக் கவனிக்கிறது அவ ஒருத்திதான், மத்த பிள்ளைங்க எல்லாரும் ஒரு மாசமா உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."