பைக்குள் பைக்குள் பை

பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அந்த மனிதர் முடிவு செய்தார்.

அவர் பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் தரப் பரிசோதகர். புது வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பதுதான் உத்தியோகம். உடையாவிட்டால் வாளி பாஸ். இருபது வருடமாக பிளாஸ்டிக்மேல் உட்கார்ந்தே சோறு தின்றவர், இப்போது அதன் அடிமடியிலேயே கை வைக்கக் கிளம்பினார்.

காரணம், ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் அவர் பேச்சு. தலைப்பு: 'பிளாஸ்டிக்: நேற்று, இன்று, நாளை'. ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. குளிக்கும்போது 'நேற்று'. சாப்பிடும்போது 'இன்று'. மனைவிக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை சமையலறையில் நின்று கர்ஜித்தார்.

"இந்த வீட்டுல ஒரு டப்பா, ஒரு மூடி இருக்கக் கூடாது!"

"சரிங்க. கதவுக்குப் பின்னால தொங்குற பையிலேருந்து ஆரம்பிக்கலாம். பழைய சாமான்காரர் கீழதான் நிக்கிறார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொக்கியில் தொங்கிய அந்த பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பைகள். அவற்றுக்குள்ளும் பைகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பையில், டாக்டர் தொடவே கூடாது என்று சொன்ன கிரீம் பிஸ்கட்டை அவர் ஒளித்து வைத்திருந்தார். அவ்வளவு ஆழத்துக்கு யார் போவார்கள் என்று எண்ணம்!

"அது... அதைக் கடைசியில பாத்துக்கலாமே."

"'இன்றே, இப்போதே'ன்னு சோத்தைக் கையில வச்சிக்கிட்டுக் கத்தினீங்களே?"

"பாவம்டி, வெறும் பை!"

"நேத்து அது பூமியோட கழுத்தை நெரிக்குதுன்னீங்க."

அவர் பையை எட்டி அணைத்துக்கொண்டார். மேலே இருந்த ஒன்றை உருவினார்.

"இந்த மஞ்சள் பையைப் பாரு. நம்ம பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில மருந்து போட்டுக் குடுத்தது. இதைத் தூக்கிப் போட மனசு வருமா?"

"அது போன வாரம் பல்பு வாங்கின பை."

"சரி, இந்த நீலம்? எவ்வளவு கெட்டி! இன்னும் நானூறு வருஷம் அழியாது!"

"அதைத்தானே பெரிய கேடுன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதுறது வேற, குடும்பம் நடத்துறது வேற."

"அப்ப நாளைக்குப் பேச்சு?"

"பேசலை."

"என் டப்பாவெல்லாம்?"

"தொட மாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

பேச்சுக்கு வைத்திருந்த தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். கையெழுத்தும் போட்டார். அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "ஒண்ணும் இல்லைங்க, நீங்க போங்க!" என்று சாமான்காரரை அனுப்பினாள்.

பூமியைக் காக்கப் புறப்பட்ட வீரர் பையைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். பத்தொன்பது பைகளைப் பிரித்தார். இருபதாவது பையில் பிஸ்கட் இல்லை. மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது.

'கிரீம் பிஸ்கட். நேற்று: இரண்டு பாக்கெட். இன்று: என் வயிற்றில். நாளை: ஆரஞ்சு கிரீமாக வாங்கி வைக்கவும். டாக்டர் தடுத்தது உங்களை மட்டும்தான்.'