கம்பிக்கு ஜுரம் பார்த்தவர்

என் கையெழுத்தை உங்கள் அச்சுக்கூடத்தில் யாராலும் படிக்க முடியாவிட்டால் மன்னிக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ இடம் மாறியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற ஆளை மட்டும் திருத்த வேண்டாம். அவரை மின்சார இலாகாவே திருத்த முடியவில்லை.

தஞ்சாவூர் ஜில்லாவில் மனிதனுக்கு ஜுரம் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். கம்பிக்கு ஜுரம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். புது இணைப்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை அவருக்கு. மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்காமலே சோதித்துவிடுவார்கள். இவர் கம்பியில் தர்மாமீட்டரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பார். அதனால் அவர் பெயரே ஜுரம் என்று ஆகிவிட்டது. திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்தில் பந்தல் விளக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரசம் ஊற்றிய இலையை விட்டு எழுந்துவிட்டார். பதறி ஓடி வந்த சம்பந்தியிடம், "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. கம்பிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றார்.

அவர் கொள்கை இதுதான். மோட்டார் உடம்பில் கரண்ட் கசிந்தால், அது மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பி வழியாக ஓடிப் பியூஸை எரிக்க வேண்டும். வழியில் தடை அதிகமானால் பியூஸ் எரியாது, தொட்டவன் எரிவான். குளிர்ந்த கம்பி தடையைக் குறைத்துக் காட்டும். ஓடிச் சூடானால் தடை கூடும். ஆகவே குளிரில் எடுத்த அளவோடு அஞ்சில் ஒரு பங்கு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குத்தகைக்காரர்கள் கூட்டாக ஒரு மோட்டார் போட்டார்கள். அதை ஓட்டுகிற வேலை எனக்கு. ஆற்றில் தண்ணீர் வரவில்லை; குறுவை நாற்று காய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்குப் போகும் வழி தன்னுடையது என்று மிராசுதார் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். ஜுரம் வரப்பில் ஏறி வழுக்கி விழுந்து வந்து சேர்ந்தார். காலை ஏழு மணி. சோதனைக்கு மட்டும் கரண்ட் விட்டார். தடையை ஓம் கணக்கில் அளப்பார்கள்; இரண்டு ஓமுக்குள் இருந்தால் பாஸ். மீட்டர் ஒன்றே முக்கால் காட்டியது. எல்லோருக்கும் சிரிப்பு. அவர் அஞ்சில் ஒரு பங்கைக் கூட்டினார். இரண்டைத் தாண்டிவிட்டது.

"கரண்ட் கிடையாது" என்றார்.

காரணத்தை எழுதி ஒட்டியதில்தான் வினை வந்தது. எல்லாவற்றையும் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்த காலம். எர்த்தை நிலம் என்றும், கம்பியை வழி என்றும், தடையை எதிர்ப்பு என்றும் ஆக்கி, தெரு முனைக் கம்பத்தில் இப்படி ஒட்டிவிட்டுப் போனார்:

"நிலத்துக்குப் போகும் வழியில் எதிர்ப்பு அதிகம். காலையில் அடங்கியிருக்கும். சூடு ஏறினால் அஞ்சில் ஒரு பங்கு கூடும். உயிருக்கு ஆபத்து. வழியை அகலமாக்கும்வரை அனுமதி இல்லை."

விவசாயச் சங்கத் தோழர் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். "பாத்தீங்களா, வழியை அகலமாக்கச் சொல்லி கவர்மென்டே ஒட்டிடுச்சு." மிராசுதார் கண்ணில் பட்டது அஞ்சில் ஒரு பங்கு மட்டும்தான். "நேத்து வரைக்கும் வழி கேட்டானுவ. இன்னிக்கு நெல்லுல பங்கா?" என்று போலீசுக்கு ஆள் அனுப்பினார். மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் வந்து ஜுரத்தைக் கூட்டிவரச் செய்தார்.

"யாருய்யா எதிர்க்கிறது?"

"கம்பிங்க."

"எப்ப சூடு ஏறும்?"

"மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரத்துல ஏறிடுங்க."

"எத்தனை பேரு சாவான்?"

"ஒருத்தர்தாங்க. தொடுறவரு." கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கை காட்டினார். "இவரு."

நாலு பேர் பார்த்தாலே ஒளிந்துகொள்கிறவன் நான். நாற்பது பேர் பார்த்தார்கள்.

விஷயம் புரிந்ததும் மிராசுதாரும் தோழரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தார்கள், ஜுரத்துக்கு எதிராக. "காலையில பாஸ்தானே சார், அதைப் போட்டு விடுங்க. நாத்து கருகுது" என்றார் தோழர். "ஊருக்குள்ள கலகம் பண்ணாதீங்க, கையெழுத்தைப் போடுங்க" என்றார் மிராசுதார்.

ஜுரம் பேனாவை எடுத்தார். "போடுறேங்க. இவரு காலையில மட்டும்தான் மோட்டாரைத் தொடுவாருன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க."

யாரும் எழுதவில்லை.

தடை குறையத் தடித்த எர்த் கம்பி புதைக்க, அந்த வழியோடு பள்ளம் தோண்ட வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் முள்ளை அகற்றச் சொன்னார். "கம்பிக்கு மட்டுந்தான் வழி" என்றார் மிராசுதார். கம்பி போகிற வழியில் மனிதன் போகாமலா இருப்பான்? ஜுரம் கையெழுத்துப் போட்டார், மோட்டார் ஓடியது, நாற்று பிழைத்தது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து அந்த வழியைத் திறந்து வைத்து மாலை போட்டுக்கொண்டார். ஜுரத்தை யாரும் கூப்பிடவில்லை.

மறு வருஷம் ஒரு நாள், உச்சி வெயிலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு சேற்றில் நின்று அதன் மேல் கை வைத்தேன். பட்டென்று பியூஸ் போயிற்று. உள்ளே சுருள் கருகி, கரண்ட் மோட்டார் உடம்புக்கு வந்திருக்கிறது. என் கையில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜுரத்தின் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு?"

"உச்சி வேளைங்க. நல்ல சூடு."

"அப்ப கணக்கு சரிதான்" என்று நோட்டைத் திறந்தார். பேனா ரொம்ப நேரம் காகிதத்தைத் தொடவில்லை. நானும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்று சொல்ல வராததை இன்றுதான் எழுதி முடித்தேன்.

ஆடி மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை.