பார்சலாகப் போன கூறைச்சேலை

பஸ்ஸில் சீட் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு காலத்தில் மனமார நம்பியிருந்தேன். மதுரையில் கற்ற வித்தை. வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அப்புறம் மந்திரியே வந்தாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.

கல்யாணமாகி நயினாதீவுக்கு வந்தபோது, பட்டுச்சேலைகளோடு இந்த வித்தையையும் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன்.

என் கணவரின் தம்பிக்கு யாழ்ப்பாண நகரத்தில் கல்யாணம். வீட்டார் எல்லோரும் முதல் நாளே படகேறிவிட்டார்கள். நான் மட்டும் தீவில் தங்கினேன். காரணம், என் வாய். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச்சேலையை உடுத்தி வந்தால்தான் மணமகளுக்குத் தாலி ஏறும். "அதுக்கு ஃபால்ஸ் நானே தைக்கிறேன் மாமி" என்று பீற்றிக்கொண்டவள், கடைசி நாள்வரை முடிக்கவில்லை. (முடிக்கவில்லை என்ன, ஆரம்பிக்கவே இல்லை.)

"பிள்ளை, நீர் விடிய முதல் லோஞ்சிலை வந்திடும். பத்தேகாலுக்கு முகூர்த்தம்" என்று மாமி மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

வந்தேன். முதல் லோஞ்ச் படகேதான். குறிகட்டுவான் துறையில் இறங்கினால் நகரத்துக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. வாசலில் ஒரே நெரிசல். நானா அசருவேன்? முன்பக்க ஜன்னல் வழியே பையை உள்ளே நீட்டினேன். கூறை, கைபேசி, மண்டப விலாசத்தோடு கல்யாணக் கார்டு, எல்லாம் அதற்குள்.

உள்ளே இருந்த அம்மா இரு கையாலும் வாங்கி, "ஓம், ஓம், பயப்பிடாதேங்கோ" என்றார். என்ன தங்கமான சனம் என்று உருகிப்போனேன். சீட்தான் பிடித்தாயிற்றே! கையிலிருந்த சில்லறைக்கு ஒரு வடை வாங்கப் போனேன்.

திரும்பினால், பஸ் நகர்கிறது.

"ஐயோ, நிறுத்துங்க! என் பை!" என்று வடையும் கையுமாக ஓடினேன். மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர் அன்போடு கையசைத்தார். "யோசிக்காதேங்கோ அக்கா, கவனமாக் குடுப்பன்!"

அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அதன் கண்டக்டர் என் அழுகையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அக்கா, இஞ்சை யன்னலுக்குள்ளாலை பை குடுத்தால் அது பார்சல். சனம் நெல்லும் மருந்தும் அப்பிடித்தானே யாழ்ப்பாணம் ரவுணுக்கு அனுப்புது. சீற் வேணுமெண்டால் ஆள் ஏற வேணும்."

முன்னால் போன பஸ்ஸுக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வழியெல்லாம், கூறையில்லாமல் மணவறை வெறுமையாகக் கிடக்கிற காட்சிதான் எனக்கு. ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கும் பாஸ்போர்ட் மாமியின் அலுமாரியில்.

விலாசம் பையோடு போய்விட்டதால், மண்டபத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டுக் கேட்டு வாசலில் கால் வைக்கும்போது கெட்டிமேளம் உச்சத்தில் இருந்தது. அளவெட்டி ஊர் நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருந்தார். மணவறையில் மணமகள், அதே கூறைச்சேலையில். கழுத்தில் தாலி ஏறியாயிற்று! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமி பக்கத்தில் வந்தார். "பிள்ளை, கூறை அப்பவே வந்திட்டுது. நீர்தான் பிந்திப்போனீர்."

கார்டைப் பார்த்து, பஸ்ஸை நிலையத்தில் விட்டதும் ஓடிவந்து கொடுத்திருக்கிறார் முதல் பஸ்ஸின் கண்டக்டர். மாமி அவரைச் சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் எனக்கு எதிரேதான் இருந்தார். என்னைக் கண்டதும், "பார்சல் பத்திரமாச் சேர்ந்தது அக்கா" என்று பாயசக் கையோடு சிரித்தார்.

கல்யாண ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில், தோளில் டிக்கெட் பையோடு அவர் மாமியிடம் கூறையை நீட்டுகிற பெரிய படம் இருக்கிறது. நான் எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தில் நின்று, "உவர் ஆர், சொந்தமோ?" என்று கேட்பார்கள்.

மாமி என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்: "அண்டைக்கு எங்கடை மருமகளுக்குப் பதிலா வந்தவர்."