பயத்துக்கு மார்க் போடும் அப்பா

பெங்களூரில் சமீபகாலமாக ஓர் இனம் பெருகி வருகிறது. 'மனமறிந்த அப்பா' என்று வைத்துக்கொள்வோம். முந்தைய தலைமுறை அப்பாக்கள் பிள்ளை அழுதால் "வாயை மூடு" என்பார்கள். இவர் மூடவே விடமாட்டார்.

தொம்மலூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ரகுராமைப் பாருங்கள். ஊர் ஆம்பூர் பக்கம், வேலை மென்பொருள் கம்பெனியில். ஆபீசில் தினமும் காலையில் ஆட்களை நிற்கவைத்து, நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்வாய், எது தடை என்று கேட்டு ஸ்டாண்ட்-அப் கூட்டம் நடத்துவது அவர் உத்தியோகம். ஒரு சனிக்கிழமை, சின்னப் பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைத்துப் பரிவை வளர்ப்பது எப்படி என்ற பயிலரங்குக்குப் போய்வந்தார். திங்கட்கிழமையே வீட்டிலும் ஸ்டாண்ட்-அப் ஆரம்பித்துவிட்டது.

யூ.கே.ஜி. படிக்கும் மகள் சஹானா, ஒரு காலில் மட்டும் ஷூவோடு, ஃபிரிட்ஜ் முன்னால் நிற்க வேண்டும்.

"இன்னிக்கு பயம் பத்துக்கு எத்தனைடா கண்ணா?"

"எதுக்குப்பா பயம்?"

"எதுக்கு வேணா இருக்கலாம். யோசி. வேன், மிஸ், நாய், லிஃப்ட் பாதியில நின்னு போறது..."

லிஃப்ட் பாதியில் நிற்கும் என்பதே குழந்தைக்கு அப்போதுதான் தெரியும். "ஆறு" என்றாள். ரகுராமுக்குப் பெருமை பிடிபடவில்லை. மகள் மனம் திறந்துவிட்டாளே! அன்றிலிருந்து சஹானா படியில்தான் இறங்குகிறாள். அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்குவது யார்? அவர் மனைவி சௌம்யா.

பரிவுப் பாடமும் குறைவில்லாமல் நடந்தது. ஒரு மாலை, கீழே சைக்கிள் ஓட்டிய ரித்விக் குப்புற விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் அவன் அம்மாவைக் கூப்பிட ஓடினார்கள். சஹானா மட்டும் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, "ரித்விக், உனக்கு இப்போ வந்திருக்கறது கோபமா, சோகமா, ஏமாத்தமா?" என்று விசாரித்தாள்.

"ரத்தம்!" என்று அலறினான் அவன்.

பால்கனியில் நின்ற ரகுராமுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா சௌம்யா, எவ்ளோ எம்பதி!"

"மொதல்ல இந்த பிளாஸ்திரியைக் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் சௌம்யா.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளி ஆண்டு விழா வந்தது. போன வருஷம் மேடை ஏறியதும் அழுதுகொண்டே இறங்கிய சஹானா, இந்த வருஷம் தானாகக் கையைத் தூக்கித் தவளை வேஷம் கேட்டு வாங்கியிருந்தாள். தவளைக்கு நாலே வரி. குளிக்கும்போது, இட்லி தின்னும்போது, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுகூட அந்த நாலு வரியைச் சொல்லிச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அத்தனை ஆசை.

மனமறிந்த அப்பா சும்மா இருப்பாரா?

"நடுவுல மறந்துட்டா என்ன பண்ணுவே? எல்லாரும் சிரிச்சா எப்படி ஃபீல் பண்ணுவே?" என்று தினமும் ஒத்திகை பார்த்தார். சிரிப்பார்கள் என்று குழந்தை நினைத்தே பார்த்ததில்லை. விழா அன்று காலை, பச்சைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தவளை வேணாம்ப்பா" என்றாள். கேட்கவே பாவமாக இருந்தது. ரகுராம் காரணம் கேட்டார். காரணத்துக்குக் காரணம் கேட்டார். சௌம்யா அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஒன்றும் பேசாமல் தரையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தவளை தானாகவே சட்டைக்குள் தலையை நுழைத்தது.

விழாவில் முதல் வரிசை நடு நாற்காலி ரகுராமுக்கு. அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். தவளை மைக் முன்னால் வந்ததும் அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். நெஞ்சில் கை வைத்து, கன்னத்தை உப்பி, 'மூச்சை இழு, விடு' என்று ஜாடை காட்டினார். வேர்த்துக் கொட்டியது. இழுத்தார், விட்டார், இழுத்தார். மேடையிலிருந்து பார்த்தால் மனிதர் போய்விடுவார் போலிருந்தது.

சஹானா வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு, ஓரமாகக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பாட்டு வாத்தியார் டெஸ்மண்ட் பக்கம் திரும்பி மைக்கிலேயே சொன்னாள்:

"சார், எங்கப்பாவுக்கு ரொம்ப பயமா இருக்கு. நீங்க போய் அவர் பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் கேக்காதீங்க சார். சும்மா உக்காருங்க."

அரங்கமே சிரித்தது. டெஸ்மண்ட் உண்மையிலேயே இறங்கிவந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரகுராமுக்கு அவமானம்தான். ஆனால் மூச்சு சீராகிவிட்டது. அதைப் பார்த்த பிறகே தவளை நாலு வரியையும் கணீரென்று சொல்லி, கேட்காமலே இரண்டு முறை குதித்தும் காட்டியது.

திருந்திவிட்டாரா? நன்றாகக் கேட்டீர்கள். 'பிள்ளையோடு ஒன்றும் பேசாமல் உட்காருவது எப்படி' என்று அடுத்த வாரமே அப்பாக்களுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டார். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறாராம்.

சிரிக்கிறீர்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு பெயர்கூட மனதில் வந்திருக்கும். அனுப்புங்கள். அதற்கு முன் எழுந்துபோய், உங்கள் பிள்ளை இருக்கும் அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அது சட்டென்று போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தால், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.