பெரிய வெள்ளியன்று பச்சையான துணி

இயேசு மரி சூசை துணை

வடகவுஞ்சி

மகாகனம் பொருந்திய மச்சான் இருதயசாமி அவர்களுக்கு, கோயில்பிள்ளை சவரிமுத்து சொல்லச் சொல்ல மருமகள் இசபெல்லா எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம், மட்டக்குதிரையும் சுகம். உங்கள் சுகத்தை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை.

அரியலூரில் ரயில் ஆற்றுக்குள் போனதற்கு மறு வருஷம், நயா பைசா வந்த தவக்காலத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. துக்கத்துக்காகப் பாடுபட்ட சுரூபத்தை மூடும் ஊதாத் துணியை எலி கடித்துவிட்டதென்று வெள்ளைத் துணி எடுத்து, சாயம் வாங்கிவரச் சொல்லி உங்களுக்குத்தானே ஆள் விட்டேன்? நீங்கள் கடைவரை நடக்கச் சோம்பி, உங்கள் திண்டுக்கல் பட்டறையில் பூட்டுக்கு முலாம் போடுகிற நிக்கல் உப்பையும் அம்மோனியாத் தண்ணீரையும் தூக்கிவந்தீர்கள். பச்சைத் தண்ணீரில் நெடித் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது நீலமாகி, ஊதாவாகி, “சாயக்காரன் தோத்தான் மாப்ளே” என்றீர்கள். ஈரம் காயுமுன் சுரூபத்தில் கட்டினேன். அந்த வாரம் சிலுவைப்பாதையில் சனம் முழுக்கக் கண்ணீர் விட்டது, பிரசங்கம் உருக்கிவிட்டதென்று சாமியாருக்குப் பெருமை, எனக்கல்லவா தெரியும் அது உங்கள் நெடி என்று. பெரிய வெள்ளி வெள்ளனே நானும் உங்கள் தங்கச்சியும் கதவைத் திறந்தால் துணி வயல் மாதிரிப் பச்சை. சாமியாரும் மணியடிக்க வந்த ஞானமுத்துவின் அப்பாவும் பார்த்ததோடு, சனம் வருமுன் அவிழ்த்துவிட்டோம். உயிர்ப்புக்கு வந்த நீங்கள் நிதானமாக, சப்பரத்தை ஆறு பேர் தூக்குகிற மாதிரி ஒரு நிக்கலை ஆறு அம்மோனியா தூக்கி நின்றால்தான் ஊதா, காற்றும் மெழுகுவர்த்திச் சூடும் பட்டு ஒவ்வொருத்தனாகத் தோளை விட்டால் பச்சை என்று விளக்கினீர்கள். முன்னாலேயே சொல்வதற்கு என்ன கேடு?

லத்தீன் பூசையே தமிழுக்கு மாறிவிட்டது, அந்தப் பேச்சு மாறவில்லை. நான் ஓய்ந்து, மகன் செபாஸ்டினுக்குக் கோயில்பிள்ளை வேலை கேட்டால், ஞானமுத்து புதுச் சாமியாரிடம், “எங்கப்பா கண்ணால பாத்தாருங்க, பெரிய வெள்ளிக்குப் பச்சை கட்டுன குடும்பம்ங்க” என்கிறான். ஞாயிற்றுக்கிழமை முடிவு. நீங்கள் வெரசாக வந்து, அந்தப் பச்சைத் துணியை முன்னால் விரித்து, அது உப்பின் குணம், எங்கள் அசட்டை அல்ல என்று சாட்சி சொல்ல வேண்டும்.

மாதா உங்களையும் பட்டறையையும் காப்பாளாக.

பி.கு.: வர வேண்டாம். துணியைத் தேடினால் குதிரைக் கொட்டடிப் பரணில் கிடக்கிறது, ஊதாவாக. குதிரை மூத்திர நெடியில் ஆறு பேரும் திரும்பி வந்து தோள் கொடுத்திருக்கிறார்கள். இதையே காட்டி, எப்போது பச்சையானது என்று கேட்கப்போகிறேன். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். பச்சையாகப் பார்த்த சாமியாரும் போய்விட்டார், ஞானமுத்துவின் அப்பாவும் போய்விட்டார். நம்மை விட்டால் மிச்சம் உயிரோடு இருப்பது, ஒரு சனிக்கிழமைகூடச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லத் தவறாத உங்கள் தங்கச்சி செல்வமேரி.