களிமண் நிறமும் என் சகலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகச் சுவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, தங்கள் மாத இதழில் வந்த ‘மண்ணின் நிறம், மனதின் நிம்மதி’ என்ற கட்டுரையைக் கண்டித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சுவர்கள் வெள்ளை. வெறும் வெள்ளை அல்ல, என் மானம். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, உறவினர் அத்தனை பேர் முன்னாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு. டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதையும் நான் மறக்கவில்லை. அன்று நின்ற பேச்சு வருஷக்கணக்கில் நின்றே கிடந்தது. சுவர் அழுக்கானபோதெல்லாம் முன்பைவிட வெள்ளையாக அடிக்கச் சொன்னேன். நிறத்தை மாற்றினால் அந்த மனிதர் சொன்னது சரி என்றாகிவிடுமே.

இப்படி இருக்கையில் என் மனைவி உங்கள் கட்டுரையைப் படித்தாள். நான் அலுவலக வேலையாக வெளியூர் போன சமயம் பார்த்துப் பெயின்டரை அழைத்துவிட்டாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால், நீங்கள் படத்தில் பிஸ்கட் போலக் காட்டிய களிமண் நிறம் எங்கள் கூடத்தில் எருமை புரண்ட குட்டையாக நிற்கிறது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார் பெயின்டர். காயட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குட்டை வற்றியது, அவ்வளவுதான். என் பழுப்புச் சட்டையும் சுவரும் ஒன்றாகிப்போய், காப்பியோடு வந்த மனைவி என்னைத் தாண்டிப் போய் மாடியில் தேடினாள்.

அதற்குள் சேதி தங்கைக்கு எட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பதியாக வந்து இறங்கிவிட்டார்கள். ஜெயித்த முகத்தோடு வரப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். சகலை உள்ளே வந்தார், சுவரைத் தடவினார், பெருமூச்சு விட்டார்.

“வெள்ளையே நல்லா இருந்துச்சு, சகல.”

அம்மா, எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“உங்களுக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்? உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார். உங்கள் கட்டுரையை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். சாயங்கால வெயில் பட்டால் இந்த நிறம் மலரும் என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லைதான், ஆனாலும் அடித்துச் சொன்னேன். அதையும் பார்த்துவிடலாம் என்றார். வெயில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? அவருடைய மேனேஜர் படுத்தும் பாடு, என் முதுகுவலி, எங்கள் இருவருக்கும் மாமனார் பண்ணின அநியாயம், எல்லாம் பேசியாயிற்று. வெயில் வந்தது. சுவர் முழுக்கத் தேன் வழிவதுபோல் இருந்தது. சகலை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“பரவாயில்ல. ஆனாலும் நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார் சகலை.

விடுவேனா? ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நிறுத்திவைத்துச் சண்டை போட்டேன். அக்காவும் தங்கையும் அடுப்படியில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆகவே, நான் அரும்பாடுபட்டு வளர்த்த பகையை ஒரே பக்கத்தில் கலைத்துவிட்ட அக்கட்டுரைக்காக அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இல்லத்தார் அனைவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகியின் கணவர்

பின்குறிப்பு: வருத்தம் ஒன்றும் தெரிவிக்க வேண்டாம். வருகிற ஞாயிறும் சகலை வருகிறார். படுக்கையறைக்கு ஏற்ற நிறம் ஒன்றை உடனே எழுதி அனுப்பவும். அவருக்குச் சற்றே பிடிக்காததாக இருந்தால் நல்லது; பிடித்துப்போனால் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்.